டெண்டரில் இல்லாத ஆள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மன்றம் ஒன்றின் சாக்கடை டெண்டர் அட்டவணையைப் படித்தேன். குழாய்க்கு விலை, சிமெண்டுக்கு விலை, பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை. கல்வராயன் மலையில் மழை அடிச்சு ஊர்ச் சாக்கடை பொங்கினா, குழிக்குள்ள எறங்குற ஆளு? ஒரு வரி இல்லை.

1998ஆம் வருட டெண்டர் சட்டம் குறைஞ்ச விலைக்காரனுக்கே கொடு என்கிறது. குறைச்சது எதில்? சிமெண்டு மார்க்கெட் விலை, அதில் கை வைக்க முடியாது. எங்காளு கூலியில், கையுறையில், உறிஞ்சும் லாரி வாடகையில்தான் குறைக்கிறான்.

2013 சட்டமோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கினால்தான் அபாயகரம் என்கிறது. முகமூடி மாட்டினா மலம் மணக்குமா? செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. கேட்டுப் போனா, "அவன் காண்டிராக்டர் ஆளு" என்பான் அதிகாரி. காண்டிராக்டரோ, "யாரோ கூட்டியாந்தாங்க" என்பான்.

ரிசர்வ் வார்டில் ஜெயித்த நம்மாளுங்களையும்தான் கேட்கிறேன். அந்தத் தீர்மானத்தில் உங்க கையெழுத்தும் இருக்கு. எந்திரத்துக்கு ஒரு வரி, அதை ஓட்டுறவர் மாதச் சம்பளத்துக்கு ஒரு வரி. ரெண்டும் அட்டவணையில் ஏறாமல் அடுத்த கூட்டத்தில் பேனாவைத் திறக்காதீங்க.