கடற்பயணமும் கைப்பேசிச் செலவும்

சென்ற திங்கள் இப்பகுதியில், வங்கிக் கணக்குகளுக்கு வாரிசு நியமனம் செய்து வைப்பதன் இன்றியமையாமை குறித்து எழுதியிருந்தோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது போலத் தோன்றும். ஆயினும், பயணம் முடிந்து இல்லம் திரும்பிய பின் மாதக் கணக்கில் மனத்தை உறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு.

முன்னெல்லாம் விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்வதே வழக்கம். அவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. ஆனால் அதனோடு சிங்கப்பூரும் பினாங்கும் சேர்ந்துகொண்டன. மகனோ மகளோ அயல்நாட்டில் பணியாற்றும் இல்லங்களில், பெற்றோரை வரவழைத்துச் சில நாள் கப்பலில் உலாவச் செய்வதும் இந்நாளில் அரிதன்று. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மரீனா பே கப்பல் நிலையத்தில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் கண்டு மீளும் பயணம் நம்மவர் பலரும் அறிந்ததே.

இத்தகைய பயணம் மேற்கொள்வோரிடம் இருவகைப் போக்கைக் காண்கிறோம். ஒரு சாரார் எதையும் கருதாமல் கைப்பேசியை வீட்டில் பயன்படுத்துவது போலவே பயன்படுத்திவிட்டு, பில் வந்தபின் திகைக்கின்றனர். மற்றொரு சாரார் பில்லுக்கு அஞ்சிக் கைப்பேசியை முற்றிலும் அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். ஊரில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு மகனின் குரல் நான்கு நாள் கேளாதிருப்பின் அவர் படும் கலக்கம் எத்தகையது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. அதனை விளக்குவதே நம் நோக்கம்.

முதலில் கட்டணம் எவ்வாறு உயர்கிறது என்பதைக் காண்போம். நம் நாட்டுச் சிம் அட்டை அயல்நாட்டில் அந்நாட்டு நிறுவனத்தின் கோபுரத்தைச் சார்ந்து இயங்குவதையே ரோமிங் என்கின்றனர். அதற்கென முன்கூட்டியே ஒரு திட்டம் வாங்கியிருந்தால் செலவு வரம்புக்குள் நிற்கும். வாங்காவிடில் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் கட்டணம் விழும். கணக்கிற்காக, எம்.பி. ஒன்றுக்கு 500 ரூபாய் என்று கொள்வோம். காணொளி அழைப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 எம்.பி. கொள்ளும். பேரனைப் பத்து நிமிடம் பார்த்துப் பேசினால் 50 எம்.பி. ஆயிற்று, செலவு 25,000 ரூபாய்! பேசாமல் இருந்தாலும் தப்புவதற்கில்லை. எடுத்த நிழற்படங்களைக் கைப்பேசி தானே சேமிப்பகத்திற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். செயலிகள் தாமே தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். நம் அன்பர் ஒருவர், கப்பலில் ஒருமுறையேனும் யாரையும் அழைக்காதவர், ஓய்வூதியத்தில் பாதியை இவ்வகையில் இழந்தார்.

கப்பலில் நிலைமை இன்னும் ஒரு படி வேறுபட்டது. கரையோரம் உள்ளவரை கைப்பேசிக்குக் கரைக் கோபுரங்கள் எட்டும். கரையினின்று ஏறத்தாழ 12 கடல் மைல் கடந்தபின், கப்பலிலேயே அமைந்த சிறு கோபுரம் இயங்கத் தொடங்கும். அது செயற்கைக்கோள் வழியாக உலகத்தோடு இணைவது. ஆதலின் அதன் கட்டணம் மிகமிக உயர்ந்தது. அது சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ உரியதன்று. தனியொரு நாடு போலவே கணக்கிடப்படுகிறது. எனவே, 'மூன்று நாடுகளுக்கும் திட்டம் வாங்கிவிட்டோம்' என்று எண்ணியிருப்பவரும் கப்பற்கோபுரத்திற்குத் தனியே செலுத்த நேரிடும். கைப்பேசித் திரையில் அறிந்த நிறுவனத்தின் பெயர் மறைந்து, கடலைக் குறிக்கும் பெயரோ 901 எனத் தொடங்கும் எண்ணோ தோன்றுமாயின், அக்கோபுரத்தில் இணைந்துவிட்டோம் என்று அறிதல் வேண்டும். நம் நாட்டு நிறுவனங்கள் சில, கப்பலுக்கும் விமானத்திற்கும் எனத் தனித்திட்டம் வைத்துள்ளன. தாம் ஏறும் கப்பலின் பெயரைச் சொல்லி, அத்திட்டம் அதற்குப் பொருந்துமா எனக் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் நன்று.

இனி, செய்ய வேண்டுவன யாவை?

புறப்படுமுன் கைப்பேசியில் நான்கு காரியங்களை முடித்தல் வேண்டும். முதலாவது, 'டேட்டா ரோமிங்' என்பதை நிறுத்தி வைத்தல். இரண்டாவது, நிழற்படச் சேமிப்பும் செயலிப் புதுப்பிப்பும் வைஃபையில் மட்டுமே நடைபெறுமாறு அமைத்தல். மூன்றாவது, நாம் எட்டாதபோது அழைப்பை வேறெண்ணுக்குத் திருப்பும் ஏற்பாடு இருந்தால் அதனை நீக்குதல். இல்லையேல் திரும்பும் ஒவ்வோர் அழைப்பும் இருமுறை அயல்நாட்டுக் கட்டணம் கொள்ளக்கூடும். நான்காவது, உறவினர் எண்கள் யாவற்றையும் +91 சேர்த்துப் பதிந்துகொள்ளுதல். இவை அனைத்திற்கும் அரைமணி நேரம் போதும்.

அடுத்து, நம் இந்தியச் சிம் அட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுதல் கூடாது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வரும். அது வாராவிடில் அயல்நாட்டில் பணம் செலுத்துவதே இடர்ப்படும். பெரும்பாலான திட்டங்களில், வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் ரோமிங் வசதி திறந்திருந்தால்தான் செய்தி வரும். அதனை இந்தியாவில் இருக்கும்போதே திறந்துகொள்ளல் வேண்டும். வரும் அழைப்பை எடுத்தாலோ கட்டணம் உண்டு. எனவே செய்திக்கு இந்திய எண்ணும், பேச்சுக்கும் இணையத்திற்கும் வேறொரு சிம் அட்டையும் வைத்துக்கொள்வதே சிக்கனம். இரண்டு சிம் அட்டைகளை ஏற்கும் கைப்பேசிக்கு இஃது எளிது. இ-சிம் என்னும் அட்டையில்லா முறையை ஏற்கும் கைப்பேசிக்கு இன்னும் எளிது. இரண்டாம் சிம்மைப் போட்டவுடன், 'எண்ணை மாற்றலாமா?' என்று வாட்ஸ்அப் கேட்கக்கூடும், வேண்டாம் என்க. பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து இயங்கும்.

வெளிநாட்டுச் சிம்மை இந்தியாவில் விற்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். அதனைப் பெறாத இரண்டு நிறுவனங்களின் செயலிகளை 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசு முடக்கியது. ஆதலின் அனுமதி உள்ளவரிடமே வாங்குக. அல்லது சென்று இறங்கிய விமான நிலையத்திலேயே வாங்குக. எங்கு வாங்கினும், எந்தெந்த நாடுகளில் அது இயங்கும் என்று கேட்டல் தலையாயது. சிங்கப்பூரில் மட்டும் செல்லும் சிம் பினாங்கில் ஊமையாகிவிடும். சிங்கப்பூர்க் கரையில் நிற்கும்போதே இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக் கோபுரம் கைப்பேசியை ஈர்த்துக்கொள்வதும் உண்டு; இடைவெளி ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. இதனைத் தவிர்க்க, வலையமைப்பைக் கைப்பேசி தானே தேர்வதை விலக்கி, நாமே தேர்ந்து வைத்தல் நன்று.

ஐரோப்பியக் கடற்பயணம் செல்வோர்க்கு ஒரு வசதி உண்டு. 2017 சூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டுச் சிம், பிற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி இயங்குகிறது. பார்சிலோனாவில் வாங்கியது மார்செயிலும் ரோமிலும் செல்லும். சுவிட்சர்லாந்தும் துருக்கியும் அவ்விதியில் அடங்கா. நடுக்கடலில் உள்ள கப்பற்கோபுரமும் அடங்காது. இனி, சீனத் துறைமுகம் செல்வோர் அறிய வேண்டுவது வேறு. அங்கு உள்நாட்டுச் சிம்மில் வாட்ஸ்அப் இயங்குவதில்லை. நம் நாட்டுச் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால், இணையப் போக்குவரத்து நம் நாட்டு நிறுவனத்தின் வழியே செல்வதால், அது இயங்கும். சிக்கனம் கருதி உள்ளூர்ச் சிம் வாங்கியவர் அங்கே பேச வழியின்றி நிற்பர்.

கப்பல் புறப்பட்டவுடன் கைப்பேசியை 'விமானப் பயண நிலை'க்கு மாற்றிவிடுக. இஃது ஒன்றே பெரும்பகுதி இடரைப் போக்கும். அதன்பின் வைஃபையை மட்டும் திறந்து, கப்பலின் இணையத்தைப் பயன்படுத்தலாம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்த காலத்தில் அவ்விணையம் ஆமை வேகத்தில் நடந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவனவற்றின் சேவையைக் கப்பல்கள் பெற்று வருவதால், இன்று காணொளி அழைப்பும் இயலுகிறது. பல கப்பல்களில் கட்டணம் கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று அமைந்தது. ஒருவர் வெளியேறிய பின் மற்றொருவர் நுழையலாம் எனில், கணவன் மனைவி இருவருக்கும் ஒரு கட்டணமே போதும். கப்பலில் ஏறுமுன் வாங்கினால் விலை குறைவாயிருப்பதும் உண்டு.

துறைமுகத்தில் இறங்குவோர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை. கரைக் கோபுரம் எட்டியவுடன் கைப்பேசியின் கடிகாரம் அந்நாட்டு நேரத்திற்கு மாறிவிடும். சிங்கப்பூர் நேரத்தைவிடப் புக்கெட்டின் நேரம் ஒரு மணி பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே கைக்கொண்டிருக்குமாயின், கைப்பேசியை நம்பிக் கடைவீதியில் நிற்பவர் ஒரு மணி தாமதித்துத் துறைக்கு வருவர். கப்பல் அவருக்காகக் காத்திராது. கையில் ஒரு பழைய கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வது நலம்.

நிறைவாக, இவ்வளவிலும் பெரிது ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. புறப்படுமுன் ஊரில் உள்ள பெரியோருக்கு ஒரு தாளில் எழுதி அனுப்புக: கப்பலின் பெயர், அதனை நடத்தும் நிறுவனத்தின் தொலைபேசி எண், எந்நாள் எத்துறை, எந்நாட்களில் பேச இயலாது, எந்நாளில் நாம் அழைப்போம் என்பன. 'அழைக்கப்பட்டவர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்னும் குரல் அச்சத்தை விளைப்பது, முன்னறிவிப்பு இல்லாதபோதுதான். மேலும், 'உங்கள் மகன் வெளிநாட்டில் சிக்கிக்கொண்டார், உடனே பணம் அனுப்புங்கள்' என்று ஏய்ப்போர் மலிந்த காலம் இது. நாம் எங்கிருக்கிறோம், எவ்வெண்ணில் பேசுவோம் என்பது தாளில் இருக்குமாயின், அத்தகையோர் சொல் எடுபடாது.

கடிதம் ஒன்றுக்காகத் திங்கட்கணக்கில் வாயிலை நோக்கியிருந்த தலைமுறையின் மக்கள் நாம். நினைத்தவுடன் குரல் கேட்கும் வசதி வாய்த்துள்ள இந்நாளில், பில்லுக்கு அஞ்சி அதனைத் துறக்கவும் வேண்டா. அறியாமையால் அதற்கு மிகை விலை கொடுக்கவும் வேண்டா. விடுமுறையில் கடல் கடக்கும் அன்பர்கள் யாவரும் இனிதே சென்று மீள்க. வரும் திங்கள், வயது முதிர்ந்தோர்க்கான மருத்துவக் காப்பீடு பற்றி எழுதுவோம்.