அரிப்புக் கடற்கரை மாளிகை

மன்னார் மாவட்டத்து அரிப்பிலே கடலோரம் நிற்கும் பாழ்மாளிகையை அவ்வூரார் 'அல்லிராணி கோட்டை' என வழங்குகின்றனர். அது கோட்டையுமன்று; அல்லி கட்டியதுமன்று. முத்துச் சலாபத்தை மேற்பார்க்கும்பொருட்டு ஆங்கிலத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்த மாளிகை அது. கிரேக்க முறைத் தூண்களையுடைமையால் 'டொரிக்' எனப்பட்டது. இத்தீவின் மிக அழகிய கட்டடம் இதுவே என்று கோடினர் பாதிரியார் 1807இல் வெளியிட்ட நூலிற் புகழ்ந்தார்.

புத்தளக் கரையினராகிய நாம் விடுமுறையில் மனைவி மக்களோடு அதனைக் காணச் சென்றோம். "ராணி எங்கே உறங்கினாள்?" என்று இளையவள் வினவினாள். பொய்யான பெயரென்று அதனைத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. தேசாதிபதியை மறந்துவிட்டுத் தம் கதைப்பாட்டின் அரசியை அங்கே குடியேற்றிய மக்களின் துணிவு நமக்கு உவப்பாகவே இருக்கின்றது.

நம் குறை வேறு. சுவரிற் பூசிய சாந்து, சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. அச்சிப்பிகளை, கல்லைத் துணைக்கொண்டு மூழ்கி, மூச்சடக்கி எடுத்தோர் தமிழரும் முஸ்லிம்களுமாய இருகரைக் குளியாளர். சுறாவின் வாய்கட்டும் 'கடற்கட்டி'களுக்கு அரசாங்கமே கூலி கொடுத்ததென்றால் அத்தொழிலின் அச்சம் எத்துணையதாயிருந்திருக்கும்! நோர்த்தின் பெயர் நூல்களில் உண்டு. குளியாளரின் பெயர் எங்கேயுண்டு? (நம் சிலாபத்தின் பெயரையே சலாபத்தோடு இணைத்துரைப்பாரும் உளர்.)

கடலோ கரையை அரித்துக்கொண்டேயிருக்கின்றது. சுவர்கள் பல சரிந்துவிட்டன. தொல்பொருட்டுறை வரும்வரை வாளாவிருத்தல் வேண்டா. பழைய மாணவர் சங்கத்தார் ஒரு பேருந்து அமர்த்தித் தந்தால், மேல்வகுப்பு மாணவர் எஞ்சிய சுவர்களை அளந்து படமெடுப்பர். கரையோர முதியோர் சொல்லும் சலாபக் கதைகளையும் எழுதிக்கொள்வர். அடுத்த விடுமுறைக்கே ஆவன செய்யலாம்.