தெருவோரத்தில் பூக்கிறது, தோட்டத்தில் முளைக்கிறது

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் மாரி மழை விழுந்ததும் மிளகாய்க் கன்றோடு போட்டி போட்டுக்கொண்டு பார்த்தீனியக் களையும் எழும்பிவிடுகிறது. கமக்காரர் கூலி கொடுத்துப் பிடுங்குகிறார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் புதுக் கன்று. வேலிக்கு அப்பால் தெருவோரமும், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வெறும் வளவுகளும் வெள்ளைப் பூவாய் நிற்கும்போது தோட்டத்துக்குள் எத்தனை முறை குனிந்து என்ன பயன்?

முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்கும் செடி இது. நன்றாக வளர்ந்த ஒன்றே 15,000 விதைக்கு மேல் கொட்டும். அந்த விதை வெள்ளத்திலும் டிப்பர் சில்லிலும் மாட்டெருவிலும் ஊர்விட்டு ஊர் போகும். பூந்தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும். 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்பது ஊரறிந்த கதை. வந்த வழியைப் பேசுகிறோம், போகும் வழியைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. பொ. ஐங்கரநேசன் வடமாகாண விவசாய அமைச்சராக இருந்தபோது ஒழிப்பு வேலை ஓர் இயக்கமாகவே நடந்தது. 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்தது. களைக்கு அப்படியொரு காலமுடிவு இல்லை.

2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைநாசினி 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தெருவோரத்தில் அடித்துவிட்டுப் போவது சுகம்தான். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கும் ஊர் இது. உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே நம் கிணறுகளுக்குள் இறங்கிவிட்டது.

தோட்டத்துக்குள் வைக்கலே நல்ல மருந்து. பார்த்தீனிய விதை பெரும்பாலும் மேல்மண்ணில்தான் முளைக்கும். மிளகாய், கத்தரி வரிசைகளுக்கு இடையே நாலு விரல் தடிப்பில் வைக்கலோ காய்ந்த குழையோ பரப்பினால் கன்று தலைதூக்காது; ஈரமும் நிற்கும், இறைப்பும் குறையும். நெருக்கி நட்ட வெங்காயத்துக்கு மட்டும் கைக்களைதான். வன்னியில் அறுவடைக்குப் பின் வயலோடு எரிக்கும் வைக்கலைக் கட்டி இங்கே கொண்டுவரக் கமநல சேவை நிலையங்கள் ஒழுங்கு செய்யலாம். பார்த்தீனியம் நிற்கும் வயலின் வைக்கலை மட்டும் ஏற்றக்கூடாது.

வேலிக்கு வெளியே உள்ளது பிரதேச சபைகளின் வேலை. 2025 மே மாதத் தேர்தலோடு சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் கைக்கு வந்துவிட்டன. ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் கிழமை, பூ வருமுன், தொழிலாளருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டதைக் கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டும். வெறும் வளவுக்காரருக்கு அறிவித்தல் அனுப்பி, துப்புரவுச் செலவை அவர்களிடமே அறவிட வேண்டும். இதற்கான பணத்தை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே தனியாக ஒதுக்கட்டும்.