காட்டைக் காண எவ்வளவு ஆகும்?

கடந்த டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், எங்கள் மும்பைக் கிளைக்கு ஓர் அன்னை 850 ரூபாய் எடுக்க வந்தார். தாராவியில் வசிப்பவர், வீட்டு வேலை செய்பவர். கணக்கில் இருந்ததோ 1,100 ரூபாய்க்குச் சற்று மேல். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து வனச் சுற்றுலா அழைத்துச் செல்கிறார்கள் என்றும், மறுநாளே கட்டணம் செலுத்தக் கடைசி நாள் என்றும் கூறினார். பணத்தை இருமுறை எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்ட பின், "காட்டப் பாக்க இவ்வளவா சார்?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு கணக்கிட்டுப் பார்த்ததில், அவருடைய கேள்வி முற்றிலும் நியாயமானது என்றே தோன்றுகிறது.

அவர் குறிப்பிட்ட காடு, போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பெருநகரத்தின் எல்லைக்குள்ளேயே ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இவ்வனத்தில் சிறுத்தைகள் இன்றும் வாழ்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கன்ஹேரி பௌத்தக் குடைவரைகள் இதன் நடுவே அமைந்துள்ளன. நம் நீலகிரிக் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த கார்வி என்னும் புதர்ச்செடி இங்கே எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. அது 2016-லும் 2024-லும் பூத்தது. ஆகவே, ஒரு மாணவி தன் பள்ளிப் பருவத்தில் அதனை ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே காண இயலும்.

இத்தகைய வனத்தில் நுழைவதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. பூங்காவின் கட்டணம் குறைவானதே. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள குடைவரைகளைக் காண 15 வயதுக்குட்பட்ட சிறாருக்குக் கட்டணமே கிடையாது. அப்படியாயின் 850 ரூபாய் எங்கே சென்றது? அந்தப் பயணத்தின் நிகழ்ச்சி நிரலைப் பின்னர் பார்த்தேன். காலையில் வனம், பகலில் உணவு விடுதி, பிற்பகலில் நீர் விளையாட்டுப் பூங்கா. வனத்திற்கு ஒதுக்கப்பட்டது ஒன்றரை மணி நேரம். கட்டணத்தின் பெரும்பகுதி காட்டுக்காக அன்று, காட்டுடன் இணைக்கப்பட்டவற்றுக்காகவே வாங்கப்பட்டது.

கேளிக்கை கூடாது என்பது என் கருத்தன்று. குழந்தைகள் நீரில் விளையாடி மகிழட்டும். ஆயினும் அதனை விருப்பமுள்ளோருக்கான தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம். கல்விப் பயணத்துடன் அதைச் சேர்த்துவிட்டால், விளையாட்டுக்குப் பணம் கொடுக்க இயலாத குழந்தை பாடத்தையும் இழந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991-இலேயே பணித்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் புத்தகப்பை இல்லாத 10 நாள்களைப் பரிந்துரைக்கிறது. ஆகவே வனப் பயணம் பாடத்தின் ஒரு பகுதி. பணமில்லை என்பதற்காக ஒரு குழந்தையைக் கணித வகுப்புக்கு வெளியே நிறுத்துவோமா?

திட்டமிடலின் முதற்படி, எதைக் கற்பிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்வது. போரிவலி வனத்தில் தண்ணீரின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு நாள் போதாது. கன்ஹேரியில் துறவியர் பாறையில் வெட்டிய கால்வாய்களையும் நீர்த்தொட்டிகளையும் இன்றும் காணலாம். 1860-இல் நிறைவுற்ற விகார் ஏரியும், 1879-இல் நிறைவுற்ற துளசி ஏரியும் இவ்வனத்தின் மழைநீரைத் தேக்கி இன்றளவும் மும்பைக்குக் குடிநீர் தருகின்றன. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறக்கும் மித்தி ஆறு நகரின் ஊடாக ஓடி, தாராவியின் ஓரமாகச் சென்று மாகிம் கழிமுகத்தில் கடலை அடைகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்ததும் இந்த ஆறே. தன் வீட்டருகே சாக்கடையாகத் தேங்கி நிற்கும் ஆறு எங்கிருந்து வருகிறது என்பதை அறியும் உரிமை, அந்த அன்னையின் மகளைவிட வேறு யாருக்கு மிகுதியாக இருக்க முடியும்?

இரண்டாவது படி, முன்கூட்டியே சென்று பார்த்து வருவது. இரண்டு ஆசிரியர்கள் பத்து நாள் முன்னதாகப் பாதையை ஒருமுறை நடந்துவிட்டால் பல தொல்லைகள் தவிர்க்கப்படும். திங்கட்கிழமை பூங்கா மூடப்பட்டிருக்கும் என்பது போன்ற எளிய செய்தியைக்கூட வாயிலில் நின்ற பிறகே அறிந்துகொள்வோர் உண்டு. கழிப்பறையும் குடிநீரும் எங்கே, கைப்பேசி எங்கே இயங்காது, குழந்தைகள் எங்கே அமர்ந்து உண்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறுத்தைகள் உலவும் வனம் ஆதலால் எந்தக் குழந்தையும் குழுவை விட்டு விலகலாகாது. சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு பெரியவரைப் பொறுப்பாக்கி, ஒவ்வோரிடத்திலும் தலையெண்ணிப் புறப்பட வேண்டும்.

இது மிகையான அச்சமன்று. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில், சுற்றுலா சென்ற பள்ளிக் குழந்தைகளின் படகு கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியரும் உயிரிழந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். பலருக்கு உயிர்காப்பு அங்கி இல்லை. "இதில் எத்தனை பேர் ஏறலாம்?" என்ற கேள்வியைப் படகுக்கு மட்டுமின்றிப் பேருந்துக்கும் கேட்டாக வேண்டும். ஒரு நாளில் மூன்று இடங்களைக் காட்ட விரையும் பயணத்தில் இத்தகைய கேள்விகளுக்கு நேரமிருப்பதில்லை.

மூன்றாவது படி, எங்கள் தொழில் சார்ந்தது. டிசம்பர்ப் பயணத்தின் செலவை ஜூன் மாதத்திலேயே அறிவித்துவிட வேண்டும். வனம் ஒன்றே நோக்கம் என்றால், வீட்டிலிருந்தே மதிய உணவு எடுத்துச் சென்றால், பெரும்பாலும் பேருந்துச் செலவே எஞ்சும். மாணவர் ஒருவருக்கு 300 ரூபாய் ஆகும் எனக் கொண்டால், ஆறு மாதங்களுக்கு மாதம் 50 ரூபாய். 10 வயதுக்கு மேற்பட்ட சிறார் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி 2014-இல் வழிவகுத்தது. தன் பயணத்துக்குத் தானே சேமிக்கும் குழந்தை, வனத்தை அறிவதற்கு முன்பே திட்டமிடலை அறிந்துகொள்கிறது.

மாதம் 50 ரூபாயும் இயலாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கான தொகையைத் தொடக்கத்திலேயே மொத்தச் செலவில் சேர்த்துவிட வேண்டும். யாருக்கு உதவி என்பது தலைமையாசிரியரைத் தவிர வேறெவருக்கும் தெரியலாகாது. பணம் கட்டாதவர் பெயரை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும். பயணம் முடிந்தபின் வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் அனைவருக்கும் அளிப்பது நன்று. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பது உண்மைதான். அதனாலேயே இக்கணக்குப் பொறுப்பைப் பெற்றோர் சங்கத்தினர் ஏற்க வேண்டும் என்கிறேன்.

ஜனவரியில் அந்த அன்னை மீண்டும் கிளைக்கு வந்தபோது, மகள் காட்டில் என்ன பார்த்தாள் என்று கேட்டேன். "தண்ணியில நல்லா ஆடுனாளாம் சார். காட்டுல எறங்க நேரமில்லன்னு சொல்லிட்டாங்களாம்" என்றார். அவர் முகத்தில் குறையேதும் தெரியவில்லை. மகள் மகிழ்ந்தாள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு அது போதவில்லை.

இதனைப் படிக்கும் வாடிக்கையாளர்களில் பலர் ஏதேனும் ஒரு பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் இருப்பீர்கள். புதிய கல்வியாண்டின் முதற்கூட்டத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் எழுப்புங்கள்: இவ்வாண்டுப் பயணத்தில் குழந்தைகள் எதைக் கற்கப் போகிறார்கள்? பணமில்லாமல் வகுப்பில் யாரேனும் பின்தங்கிவிடுவார்களா? இவ்விரண்டுக்கும் ஜூன் மாதத்திலேயே விடை கிடைத்துவிட்டால், டிசம்பரில் எந்தத் தாயும் வங்கி முகப்பில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க நேராது.