மே மாதமா, செப்டம்பரா? ஸ்பெயின் சைக்கிள் பந்தயம் சொல்லும் பாடம்

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நம் குடியானவன் அனுபவத்தில் கண்ட உண்மை. விதை நல்ல விதையாக இருக்கலாம். நிலமும் நல்ல நிலமாக இருக்கலாம். பட்டம் தவறிவிட்டால் விளைச்சல் இல்லை. பயிருக்கு மட்டும் அல்ல, பந்தயத்துக்கும் இந்த விதி பொருந்தும். இதற்கு ஸ்பெயின் தேசத்துச் சைக்கிள் பந்தயமே சாட்சி.

சைக்கிள் பந்தயம் என்றதும் ஒரு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் மூன்று மாபெரும் பந்தயங்கள் நடக்கின்றன. ஒன்று பிரான்சைச் சுற்றுவது. இன்னொன்று இத்தாலியைச் சுற்றுவது. மூன்றாவது ஸ்பெயினைச் சுற்றுவது. ஒவ்வொன்றும் மூன்று வாரம் நடக்கும். இப்போது 21 கட்டங்கள். நடுவே இரண்டே நாள் ஓய்வு. மொத்தத் தூரம் மூவாயிரம் கிலோ மீட்டருக்கு மேல். சமவெளியும் உண்டு, செங்குத்தான மலையும் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். யாருக்கு நேரம் மிகக் குறைவோ அவரே வெற்றி வீரர். சைக்கிள் மிதிப்பதையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை வீரர்கள் இதில் கலந்துகொள்கிறார்கள்.

இம்மூன்று பந்தயங்களையும் தொடங்கி வைத்தவை பத்திரிகைகளே! 1903-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று வழி காட்டியது. 1909-ல் இத்தாலியப் பத்திரிகை ஒன்று பின்தொடர்ந்தது. ஸ்பெயினில் "இன்ஃபர்மேஸியோனெஸ்" என்ற பத்திரிகை 1935-ல்தான் தொடங்கியது. அதற்குள் பிரான்சு ஜூலை மாதத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இத்தாலி மே மாதத்தை எடுத்துக்கொண்டது. பந்திக்குக் கடைசியாக வந்தவனுக்கு மிச்சம் இருந்த இடம்தானே கிடைக்கும்?

வசந்த காலத்து அவதி

1955-லிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஸ்பெயின் பந்தயம் வசந்த காலத்தில் நடந்தது. பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாத நடுவில் முடியும். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நடக்கும் புகழ்பெற்ற ஒருநாள் பந்தயங்கள் முடியும் நேரம் அது. இத்தாலிப் பந்தயம் தொடங்கும் நேரமும் அதுவே. இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்பெயின் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

எவ்வளவு நெருக்கடி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1981-ல் பத்தாலின் என்ற இத்தாலிய வீரர் ஸ்பெயின் பந்தயத்தில் வெற்றி பெற்றார். அது மே 10-ம் தேதி முடிந்தது. இத்தாலிப் பந்தயம் 13-ம் தேதி தொடங்கியது! அதையும் அவர் வென்றார். 48 நாட்களுக்குள் இரண்டு மகுடங்கள். அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் பத்தாலின் ஆக முடியுமா? பெல்ஜியத்தின் ஒப்பற்ற வீரர் எடி மெர்க்ஸ் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், 1973-ல், ஸ்பெயின் பந்தயத்துக்கு வந்தார். வந்தார், வென்றார், போனார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

1983-ல் நடந்தது இன்னும் உருக்கமானது. பிரெஞ்சு வீரர் பெர்னார்டு இனோ ஸ்பானிய வீரர்களோடு கடுமையாகப் போராடி வெற்றி பெற்றார். ஆனால் முழங்கால் கெட்டுவிட்டது. ஜூலையில் சொந்த நாட்டுப் பந்தயத்துக்கு அவரால் வர முடியவில்லை. ஸ்பெயினில் அவருக்குத் துணையாக ஓட்டிய இளைஞர் லோரான் ஃபின்யோன், பிரெஞ்சுப் பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொண்டு, அதிலேயே வாகை சூடினார். அந்த இளைஞருக்கு அது அதிர்ஷ்டம். மற்ற வீரர்களுக்கோ அது எச்சரிக்கை. "ஜூலை மாதம்தான் நமக்கு முக்கியம். ஏப்ரலில் எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று யார் நினைத்தாலும் அது தவறு என்று சொல்ல முடியுமா?

போதாக்குறைக்கு இயற்கையும் சோதித்தது. வசந்த காலத்தில் உயரமான மலைகளில் பனி உருகியிருக்காது. 1991-ல் பைரனீஸ் மலைப் பகுதியில் ஒரு நாள் பந்தயத்தையே பனியால் கைவிட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. ஸ்பெயின் பெற்ற மாபெரும் வீரர் மிகுவேல் இந்துராயின். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை பிரெஞ்சுப் பந்தயத்தை வென்றவர். 1992-லும் 1993-லும் இத்தாலியையும் வென்றார். ஆனால் 1992-லிருந்து 1995 வரை தம் சொந்த நாட்டுப் பந்தயத்தில் அவர் கலந்துகொள்ளவே இல்லை! ஊர்த் திருவிழாவில் ஊர்ப் பெரிய மனிதரே இல்லை என்றால் அந்தத் திருவிழாவுக்கு என்ன மதிப்பு?

நாளை மாற்றினார்கள்

1995-ல் துணிந்து நாளை மாற்றினார்கள். பந்தயம் செப்டம்பர் 2-ம் தேதி சரகோசாவில் தொடங்கி 24-ம் தேதி முடிந்தது. பிரெஞ்சு வீரர் லோரான் ஜலாபேர் வென்றார். இதற்கு வசதியாக, ஆகஸ்டு கடைசியில் நடந்துவந்த உலகச் சாம்பியன் பந்தயமும் அந்த ஆண்டு அக்டோபருக்குத் தள்ளிப் போயிற்று.

இந்த மாற்றம் சரியானதுதானா? சரியானது என்பதே நம் அபிப்பிராயம். ஜூலையில் தோற்றவருக்கு ஆறுதல் கிடைக்க ஓர் இடம் வேண்டும். விழுந்தவர் எழுந்து நிற்க ஓர் இடம் வேண்டும். ஸ்பெயின் அந்த இடமாக ஆயிற்று. 2014-ல் பிரெஞ்சுப் பந்தயத்தில் ஸ்பானிய வீரர் கொன்டடோர் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆங்கிலேயர் ஃப்ரூமும் விழுந்து விலகினார். இரண்டே மாதத்தில் இருவரும் ஸ்பெயினில் மோதிக்கொண்டார்கள்! கொன்டடோர் முதல்வர், ஃப்ரூம் இரண்டாமவர். நாள் மாறாமல் இருந்தால் இந்தக் காட்சியை ரசிகர்கள் கண்டிருக்க முடியுமா?

இளம் வீரர்களுக்கும் இது நல்ல நாற்றங்காலாக அமைந்தது. 2019-ல் ஸ்லோவேனியாவின் பொகாச்சார் இருபது வயதில் இங்கே மூன்றாவதாக வந்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் பந்தயத்தை வென்றார்.

நஷ்டமும் உண்டு

ஆனால் நாணயத்துக்கு இரு பக்கம் உண்டு அல்லவா? செப்டம்பரில் வீரர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். 1996-ல் இந்துராயின் கடைசியில் சொந்த நாட்டுப் பந்தயத்துக்கு வந்தார். மனம் ஒப்பி வரவில்லை; அவருடைய குழுவினரின் வற்புறுத்தலால் வந்தார். கோவடோங்கா மலைக்குப் போகும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். 1997 ஜனவரியில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். நாடு காத்திருந்த அந்த மாவீரர், நாடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போனார்.

பிரெஞ்சுப் பந்தயத்தையும் அதன் பின் நடக்கும் ஸ்பெயின் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வெல்வது எவ்வளவு கடினம்! நாள் மாறி 22 ஆண்டுகள் கழித்து, 2017-ல்தான் ஃப்ரூம் அதைச் சாதித்தார். அதற்கு முன் 1963-ல் ஆங்கெட்டியும் 1978-ல் இனோவும் இரண்டையும் வென்றது, ஸ்பெயின் முன்னதாக நடந்த காலத்தில்.

இன்னொரு நஷ்டத்தை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. ஸ்பெயினில் கத்தலோனியாப் பகுதியைச் சுற்றும் பந்தயம் ஒன்று உண்டு. 1911-ல் தோன்றியது, ஸ்பெயின் பந்தயத்துக்கு மூத்தது. செப்டம்பர் மாதம் அதன் மாதமாக இருந்தது. பெரியவர் செப்டம்பருக்கு வந்ததும் இந்த மூத்தவர் இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஜூனுக்குப் போயிற்று. பிறகு மே மாதம். 2010-லிருந்து மார்ச் மாதம். வலியவன் ஒரு முறை நகர்ந்தால் எளியவன் மூன்று முறை நகர வேண்டியிருக்கிறது!

நோய் காட்டிய வழி

2020-ல் கொரோனா நோய் எல்லா நாட்களையும் புரட்டிப் போட்டது. பிரெஞ்சுப் பந்தயம் ஆகஸ்டு 29-ல் தொடங்கியது. இத்தாலி அக்டோபர் 3-ல் தொடங்கி 25-ல் முடிந்தது. ஸ்பெயின் அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 8-ல் முடிந்தது. அதாவது ஆறு நாட்கள் இரண்டு பெரும் பந்தயங்களும் ஒரே நேரத்தில்! ஸ்பெயினில் 21 கட்டங்களை 18 ஆகக் குறைத்தார்கள். பிரான்சு எல்லைக்குள் ஏறவேண்டிய மலையையும் கைவிட்டார்கள். ஆனாலும் பந்தயம் நடந்தது. நோய்க்காலத்தில் பல நூறு பேரின் பிழைப்பு தப்பியது. மனம் இருந்தால் நாளை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. நாளை மாற்றினால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் முட்டுவார் என்பதற்கும் இதுவே சான்று.

இனி என்ன செய்யலாம்?

இப்போது வேறொரு கவலை வந்திருக்கிறது. செப்டம்பர் பந்தயம் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, ஆகஸ்டு கடைசி வாரங்களிலேயே தொடங்குகிறது. தெற்கு ஸ்பெயினில் அப்போது 40 டிகிரி வெயில் புதிதல்ல. தார் உருகும் சாலையில் ஐந்து மணி நேரம் மிதிப்பது விளையாட்டா, தண்டனையா? ஆகவே "மீண்டும் மே மாதத்துக்கே போய்விடலாமே" என்று சிலருக்குத் தோன்றலாம்.

அது கூடாது. பழைய நோய்க்குப் பயந்து மருந்து சாப்பிட்டோம். இப்போது மருந்து கசக்கிறது என்று பழைய நோயையே வரவழைத்துக்கொள்வதா? மே மாதத்தில் இத்தாலி இருக்கிறது. ஜூலைக்குக் காத்திருக்கும் வீரர்கள் மறுபடியும் வராமல் நின்றுவிடுவார்கள். 2023-லிருந்து ஸ்பெயினின் பெண்கள் பந்தயம் மே மாதத்தில் நடக்கிறது. அது ஏழு கட்டப் பந்தயமாகத் தொடங்கியது; அந்த மாதம் அதற்குப் பொருந்துகிறது. மூன்று வாரப் பந்தயத்துக்கு அந்த இடம் போதாது. தவிர, பெண்களுக்குக் கிடைத்த இடத்தை ஆண்கள் வந்து பறிப்பது நியாயமும் ஆகாது.

செய்ய வேண்டியது வேறு. முதலாவதாக, பந்தயத்தை 1995-ல் நடந்தது போலச் செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்க வேண்டும். உலகச் சாம்பியன் பந்தயத்தை ஒரு வாரமோ இரண்டு வாரமோ தள்ளினால் இது முடியும். ஒரு முறை செய்தது மறுமுறை முடியாதா? அது வரையில், முதல் வாரத்தை வடக்கே குளிர்ந்த கடலோரத்தில் நடத்திவிட்டு, வெயில் தணிந்தபின் தெற்கே போகலாம்.

இரண்டாவதாக, யாருடைய இடத்துக்கு நகர்கிறோமோ அவருக்கு முதலில் நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கத்தலோனியாவுக்கு நேர்ந்தது இன்னொரு சிறு பந்தயத்துக்கு நேரக் கூடாது. சிறு பந்தயங்கள் இல்லாவிட்டால் பெரும் பந்தயங்களுக்கு வீரர்கள் எங்கிருந்து வருவார்கள்?

மூன்றாவதாக, நாள் குறிக்கும் கூட்டத்தில் வைத்தியருக்கும் வீரருக்கும் நாற்காலி வேண்டும். பிரெஞ்சுப் பந்தயத்தை நடத்தும் நிறுவனமே 2014-லிருந்து ஸ்பெயின் பந்தயத்துக்கும் முழுச் சொந்தக்காரர். இரண்டு கடைக்கும் ஒருவரே முதலாளி என்றால், எந்தக் கடையை எப்போது திறப்பது என்பதில் அவர் லாபக் கணக்குப் பார்ப்பது இயற்கை. அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் மிதிப்பவர் கால் முதலாளியின் கால் அல்ல. 1983-ல் இனோவின் முழங்கால் சொன்னதும் அதுதான். 1996-ல் சைக்கிளை விட்டு இறங்கிய இந்துராயின் வாய் திறவாமல் சொன்னதும் அதுதான்.

நாள் குறிப்பவர்கள் தொலைக்காட்சியைப் பார்க்கட்டும், வரவு செலவைப் பார்க்கட்டும், வானத்தையும் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்க்கட்டும். அவன் தாங்கும் நாளே நல்ல நாள்!