பெரிய குண்டா, நல்ல குண்டா?

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்களும் தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டிருப்பீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. அங்கே ராஜகிரி மலை ஏறக்குறைய 800 அடி உயரம். மூச்சு இறைக்க இறைக்க ஏறி உச்சியை அடைந்தால், பழைய பீரங்கி ஒன்று கிடக்கிறது. அதைக் கண்டதும் எந்தக் குழந்தைக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இதிலே சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகும்?"

"பெரிய பீரங்கி, பெரிய குண்டு, ரொம்ப தூரம் போகும்!" என்று நாமும் சொல்லி வைப்போம். அந்தப் பதிலில் பாதி வாஸ்தவம். மீதிப் பாதியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் செஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள், நம் கடலூரிலேதான் கண்ணை மூடினார் என்றால் ஆச்சரியமாக இல்லை?

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தில் பிறந்த கணித மேதை. 1742-ல் பீரங்கி சாஸ்திரம் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகத்தை, ஆய்லர் என்ற மகா கணித நிபுணரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் கோட்டைகளைப் பலப்படுத்துவதற்காக இங்கே அனுப்பியது. தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1750 ஜூலை மாதம் வந்து சேர்ந்தார். அந்த வருஷம் செப்டம்பரிலேதான் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். மொகலாயத் தளபதி ஸுல்பிகர் கானை 1690 முதல் 1698 வரை காக்க வைத்த கோட்டை அது! மலை மேலிருந்து பீரங்கிகள் முழங்கியும் பயன் இல்லை; விடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. பீரங்கி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

ராபின்ஸ் செய்த வேலை இதுதான். கனமான ஒரு பலகையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டார். ஊஞ்சல் எவ்வளவு பின்னுக்குப் போகிறது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். ராத்தலுக்குப் பன்னிரண்டு நிற்கும் ஈயக் குண்டு விநாடிக்கு 1,700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று தெரிந்தது. காற்று என்று ஒன்று இல்லாவிட்டால் அது 17 மைல் போக வேண்டும். உண்மையில் போனதோ அரை மைலுக்கும் குறைவு! பாக்கி பதினாறரை மைலை விழுங்கியது யார்? காற்றுதான். அந்தச் சின்னக் குண்டைப் போல 120 மடங்கு எடையின் பலத்தோடு காற்று அதை எதிர்த்துத் தள்ளுகிறது என்றார் ராபின்ஸ். அதுவரை காற்றை ஒரு பொருட்டாகவே மதிக்காதிருந்த பீரங்கிப் பண்டிதர்கள் திகைத்துப் போனார்கள்.

பிறகு 24 ராத்தல் குண்டுக்கும் கணக்குப் போட்டார். காற்றில்லாவிட்டால் 16 மைல் போக வேண்டியது, 3 மைலுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். அதை எதிர்க்கும் காற்றின் பலம் அதன் எடையைப் போல 20 மடங்குதான். சின்னதற்கு 120, பெரியதற்கு 20. பார்த்தீர்களா வித்தியாசத்தை?

காரணத்தை அடுப்பங்கரையிலேயே காணலாம். ஒரே ஒரு பூந்தியை வீசினால் நாலடி தள்ளி விழுந்துவிடும். அந்தப் பூந்திகளே ஒன்று சேர்ந்து லட்டாகிவிட்டால் எதிர்வீட்டுத் திண்ணை வரை போகும். உருண்டையின் குறுக்களவு இரண்டு மடங்கானால், காற்றுக்குக் காட்டும் முகம் நாலு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. பெரிய குண்டு காற்றை வெல்லும் ரகசியம் இவ்வளவுதான்.

அப்படியானால் தோட்டாவைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இரண்டாவது சங்கதி. முகத்தைப் பெரிதாக்காமலே எடையைக் கூட்ட ஒரு வழி உண்டு: உருண்டையை நீளமாக்குவது. லட்டைக் கொழுக்கட்டையாகப் பிடிப்பது போல! முனை கூர்மையாகவும், வால் சற்று ஒடுங்கியும் இருந்தால் காற்று இன்னும் சுலபமாக வழிவிடும். ஆனால் நீளமான குண்டு நடுவழியில் குட்டிக்கரணம் அடித்துவிடும். அதை நேராக நிறுத்துவது எது? பம்பரத்தை நிறுத்துவது எதுவோ அதுவேதான்: சுழற்சி. குழலின் உட்புறத்தில் திருகாணி போல மரை வெட்டியிருப்பது அதற்காகத்தான். மரை வெட்டிய துப்பாக்கியின் மகிமையை எந்தத் தேசம் முதலில் உணர்கிறதோ, அதுவே போரில் மேலோங்கும் என்று 1747-லேயே ராபின்ஸ் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அது அப்படியே பலித்தது.

இன்றைக்குத் தூரத்துக் குறிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பதும் இதைத்தான். (குண்டுக்கு 'ரவை' என்றும் பெயர். உப்புமா ரவையை நினைத்துக்கொள்ளாதீர்கள்!) 7.62 மில்லிமீட்டர் ரவை ஏறக்குறைய 10 கிராம், 8.6 மில்லிமீட்டர் ரவை 16 கிராம், 12.7 மில்லிமீட்டர் ரவை 40 கிராமுக்கும் மேல். முதலாவது 800 மீட்டர் வரை நன்றாகப் போகும். இரண்டாவது 1,200 மீட்டரைத் தாண்டும். மூன்றாவது அதற்கும் அப்பால். அளவுகோல் என்ன தெரியுமா? குறியைத் தொடும்போதும் ரவை ஒலியைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒலியின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில் ரவை தள்ளாட ஆரம்பித்துவிடும். பிறகு குறி நிச்சயமில்லை.

ஆயிரம் மீட்டர் போவதற்குள் 7.62 ரவை பத்து மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குத் தக்கபடி குழலை உயர்த்திக் குறி வைக்கிறார்கள். ஆனால் ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் விநாடிக்குப் பத்து மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், ரவை விழும் இடம் ஒரு சாணுக்கும் மேல் தவறிவிடும்! ஆகவே பெரிய தோட்டாவைவிட, ஒரே மாதிரித் தோட்டா முக்கியம். ஒரே மாவில் வார்த்த இட்லிகளைப் போல மருந்தும் எடையும் அச்சாக ஒத்திருக்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கிக்காக மளமளவென்று செய்து தள்ளிய 12.7 தோட்டா, கவனமாகச் செய்த சின்னத் தோட்டாவிடம் குறியில் தோற்றுப்போவது இதனால்தான்.

மூன்றாவதாக, சுடுகிறவரின் தோள். தோட்டா பெரிதானால் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். உதையை எதிர்பார்த்துக் கண் ஒரு கணம் மூடினாலும், விரல் ஒரு மயிரிழை நடுங்கினாலும், இத்தனை கணக்கும் வீண். ஆகவே தெரிந்தவர்கள் சொல்லும் முறை இது: முதலில் தூரத்தை நிச்சயம் செய், அந்தத் தூரம் வரை வேகம் குறையாத ரவைகளைப் பொறுக்கு, அவற்றில் மிகச் சிறியதை எடுத்துக்கொள். நாலு பேர் சமையலுக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவார்களா?

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும் என்பது சரிதான். ஆனால் மெரீனாவில் பலூன் சுடும் கடையில் உங்கள் பெண் ஐந்துக்கு ஐந்து சுட்டுவிட்டால், அந்தக் கண்ணையும் கையையும் அலட்சியம் செய்யாதீர்கள். 1999-ல் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். அவர் கையில் இருந்தது காற்றுத் துப்பாக்கி. குண்டின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். தூரம் பத்து மீட்டர். நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர்! பத்து மீட்டருக்கு அந்தக் குண்டே தாராளம்.

ராபின்ஸ் 1751 ஜூலை 29-ல், தம் 44-வது வயதில், செயின்ட் டேவிட் கோட்டையிலேயே ஜுரத்தில் இறந்துபோனார். குண்டு எவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொண்டிருந்த உலகத்தை, அது வேகத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று கேட்கப் பழக்கியவர் அவர். கேள்வி சரியாக அமைந்துவிட்டால், தோட்டா தேர்ந்தெடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.