அந்த ஃபர்னஸ் கவரை எடுங்க

முதல்லயே சொல்லிடறேன். எல்.கே.ஜி.ல இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல முழுசா ஒரு கட்டுரை எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

உங்க டிபார்ட்மென்ட் லேப் மூலையில நீலக் கவர் போட்ட ஒரு பெட்டி நிக்குதா? அதோட ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்குதா? அதுதான் ட்யூப் ஃபர்னஸ். இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு கவரை எடுப்பாங்க. டிஸ்ப்ளே எரியும், ஃபோட்டோ எடுப்பாங்க, திரும்ப மூடிருவாங்க. மூணு வருஷமா அதைத் தாண்டித்தான் போயிட்டு வந்தேன், உள்ள என்ன இருக்குன்னு கேட்டதே இல்ல.

அந்த ஃபர்னஸை ஸ்டூடன்ட்ஸ் கையில குடுக்கணும், உடைஞ்சாலும் பரவாயில்லன்னு குடுக்கணும் என்பதுதான் என் கருத்து. "உடைஞ்சாலும்"னு சும்மா சொல்லல. நாங்க ஒண்ணை உடைச்சாச்சு.

எங்க புராஜெக்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எலக்ட்ரிக் வண்டி பேட்டரிகள்ல வர்ற கேத்தோடு பவுடர். இதைச் சுமார் 700 டிகிரியில சுடணும், ஆனா காத்து படக்கூடாது. ஆக்சிஜன் பட்டா உள்ள இருக்கிற இரும்பு ஆக்சிடைஸ் ஆகி வேற பொருளா மாறிடும். அதனால சாதாரண மஃபிள் ஃபர்னஸ் ஆகாது. குழாய்க்குள்ள ஒரு பக்கம் ஆர்கான் விட்டு, மறுபக்கம் வெளியேத்திக்கிட்டே சுடணும். ட்யூப் ஃபர்னஸ் இருக்கிறதே இதுக்காகத்தான்.

ரெண்டு மாசம் கெஞ்சினதுக்கு அப்புறம் சாவி கிடைச்சது. எங்க லேப்ல இருக்கிறது அலுமினா குழாய். நிமிஷத்துக்கு 5 டிகிரிக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு மேனுவல்ல இருக்கு. அப்படிப் போனா 700-ஐத் தொடவே ரெண்டே கால் மணி நேரம் ஆகும். எனக்கு ஆத்தூர் பஸ்ஸைப் பிடிக்கணும். 15-னு செட் பண்ணினேன். ஆமா, நான்தான். பாதி வழியில "டக்"னு ஒரு சத்தம். ஆர்கான்தான் போயிட்டு இருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டுக் கிளம்பிட்டோம். மறுநாள் காலையில திறந்தா, கறுப்பா இருக்க வேண்டிய பவுடர் செங்கல் பொடி மாதிரி செம்பழுப்பா இருந்துச்சு. குழாயில கையளவு நீளத்துக்கு விரிசல்.

வீட்டுல சொன்னேன். எங்க மாமா செங்கல் காளவாசல்ல வேலை பாத்தவர். "மொத நாளே தீயக் கூட்டினா கல்லு வெடிக்காதா மாப்ள? இதக்கூடவா காலேஜ்ல சொல்லித் தரல?"ன்னு கேட்டார். செங்கல் வெடிக்கிறது உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகிறதால. குழாய் விரியுறது ஒரு இடம் சூடாகி இன்னொரு இடம் ஆகாம இருக்கிறதால. காரணம் வேற வேறதான். ஆனா அவசரப்பட்டா என்ன ஆகும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எட்டு செமஸ்டரைத் தொட்ட எனக்குத் தெரியல. தெர்மல் எக்ஸ்பான்ஷன் ஃபார்முலா மட்டும் நல்லாத் தெரியும்.

இதுல இன்னொரு கூத்து. 700 டிகிரிக்கு அலுமினா குழாயே தேவையில்ல. குவார்ட்ஸ் போதும். சூட்டுல அலுமினா விரியுறது குவார்ட்ஸை விடக் கிட்டத்தட்ட 15 மடங்கு அதிகம், அதனாலதான் குவார்ட்ஸ் அவசரக்காரங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கும். காந்தல் கம்பி சுத்தின, 1000 டிகிரி வரைக்கும் போற ஃபர்னஸ்ல யு.ஜி. புராஜெக்ட்டுக்கு வேணும்கிறதுல பெரும்பாலானது முடிஞ்சிடும். ஆனா நாம வாங்கினது மாலிப்டினம் டைசிலிசைடு எலிமென்ட் போட்ட 1600 டிகிரி மெஷின். பெரிய நம்பர்தான் பிரோஷர்ல அழகா இருக்கும். அந்த 1600-ஐ இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல.

குழாய் உடைஞ்சதுக்கு சார் எங்களைத் திட்டல. ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். அதுல அவர் கையெழுத்து இருந்துச்சு. உடைஞ்சா பதில் சொல்ல வேண்டியவர் அவர். அப்பதான் எனக்கு அந்த நீலக் கவரோட அர்த்தம் புரிஞ்சது. அவர் கஞ்சத்தனம் பண்ணல, பயந்திருக்கார். இந்தப் பயத்தைப் போக்க வழி இருக்கு: குழாயை மெஷினோட சேர்த்து எழுதாம, பீக்கர், பைப்பெட் மாதிரி கன்ஸ்யூமபிள் கணக்குல எழுதட்டும். வருஷத்துக்கு ரெண்டு ஸ்பேர் வாங்கட்டும். பீக்கர் உடைஞ்சா யாரும் லேபைப் பூட்டுறதில்லையே?

"அதான் வெளிய லேப்ல குடுத்துச் சுட்டு வாங்கலாமே"ன்னு கேப்பீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் பலர் அதைத்தான் பண்றாங்க. அப்புறம் ரிப்போர்ட்ல "ஆர்கான் சூழலில் 700 டிகிரியில் 10 மணி நேரம்"னு ஒரு வரி எழுதுறோம். அந்த 700 எங்க அளந்த 700? தெர்மோகப்பிள் இருக்கிறது குழாய்க்கு வெளிய, எலிமென்ட் பக்கத்துல. பவுடர் இருக்கிற இடத்துல அதே சூடு இருக்கணும்னு இல்ல. குழாயோட நடுவுல ஒரு சின்னப் பகுதிதான் சீரா இருக்கும், ரெண்டு ஓரமும் குறையும். கூட ஒரு தெர்மோகப்பிளை உள்ள விட்டு அளந்து பாத்தாத்தான் இது புரியும். வைவாவுல யாரும் இதைக் கேக்கல என்பது எனக்கு அதிர்ஷ்டம், படிப்புக்கு அசிங்கம்.

2019-ல குட்இனஃபுக்கு நோபல் கிடைச்சப்போ அவருக்குப் பதிலா உரை நிகழ்த்தினவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்துல படிச்சு, ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பிஎச்.டி. முடிச்சவர். நாங்க சுட்ட பவுடருக்கு முன்னோடியான பாலிஅனயான் கேத்தோடு வேலையை 80-கள்ல குட்இனஃப் கூடச் சேர்ந்து செஞ்சவர். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற காரைக்குடி சிக்ரி 1953-ல இருந்து இங்கதான் இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்த இடம். ஸ்டேட்டஸ் போட இதெல்லாம் நல்லா இருக்கும். ஆனா நம்ம லேப்ல கவர் மூடியேதான் கிடக்குது.

சாவி வாங்கப் போறவங்களுக்கு: வெளியேற வழியை அடைச்சிட்டு சூடு பண்ணவே பண்ணாதீங்க. அறைச் சூட்டுல மூடின ஆர்கான் 700 டிகிரியில மூணு மடங்குக்கு மேல அழுத்தம் குடுக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க, ஆர்கானுக்கு வாசனை இல்ல, மூச்சு முட்டுற வரைக்கும் தெரியாது. குவார்ட்ஸை வெறும் கையால தொடாதீங்க. கைரேகையில இருக்கிற உப்பு அதிக சூட்டுல கண்ணாடியைப் பாழாக்கிடும்.

புதுக் குழாய் வந்தாச்சு, காசு நாங்க மூணு பேரும் பங்கு போட்டோம். சார் வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குத் திறக்க ஒத்துக்கிட்டார். தேர்ட் இயர் மக்கள் யாராவது வர்றதா இருந்தா கையுறை எடுத்துட்டு வாங்க, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் பாத்துட்டு வாங்க.